பிறக்கும் முன்பே போட்டோவில் வந்த குழந்தை!

குழந்தை பிறந்தது காலை 6-20 மணிக்கு.

அந்தக் குழந்தையைப் போட்டோ எடுத்ததோ காலை 5-06 மணிக்கு!

இதென்ன கூத்து? பிறப்பதற்கு ஒரு மணி 14 நிமிடத்துக்கு முன்பே குழந்தை காமிராவுக்கு முகம் காட்டிவிட்டதா?

கட்டிவிட்ட கதை அல்ல. எங்கள் வீட்டில் நடந்தது.

என் அக்காளைச் செவ்வாப்பேட்டையில் கொடுத்திருக்கிறோம். சென்னையில் இருந்து திருவள்ளூர் போகும் மின்சார ரெயிலில், வேப்பம்பட்டுக்கு அடுத்த ஸ்டேஷன். அக்காள் கணவருக்கு அப்போது துபாயில் வேலை. (அவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம்.) 2011-ம் ஆண்டு தை மாதம், அக்காளுக்கு இரண்டாவது பிரசவம். மாமா லீவு போட்டுவிட்டு மூன்று நாள் முன்னதாகவே வந்து சேர்ந்தார். வரும்போது அங்கே வாங்கிய டிஜிட்டல் காமிராவையும் கொண்டு வந்தார்.

திருவள்ளூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். நர்சு குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டு வந்ததும், மாமா முதல் படத்தை எடுத்தார்.

நான்கு நாள் கழித்து படங்களைப் பிரதி போட்டு வாங்கி வந்தார்கள். அங்கேதான் வந்தது வினை. படத்தின் மூலையில், ஆரஞ்சு நிறத்தில், தேதியும் மணியும் விழுந்திருந்தன. 5-06!

"மகரமா? தனுசா?"

அக்காளின் மாமியார் கெட்டிக்காரி. எட்டாவது வரைதான் படித்தவர். ஆனால் ஒரு தாளில் எழுதியிருப்பதை இன்னொரு தாளோடு ஒத்துப் பார்க்காமல் விடமாட்டார். ஒரு கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. மறு கையில் போட்டோ.

"தம்பி, நீ படிச்சவன். இதைப் பாரு. ஆஸ்பத்திரியிலே தூக்கக் கலக்கத்திலே தப்பா எழுதிட்டாங்க. மனுசன் தப்பு பண்ணுவான். மிஷின் பொய் சொல்லுமா?" என்று என்னிடம் கேட்டார்.

"அத்தை, ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனால் என்ன? குழந்தை நன்றாக இருக்கிறதே" என்றேன்.

அவர் விடவில்லை. "என்ன இப்படிச் சொல்லிட்டே? ஜாதகம் எழுத வேணாமா?"

அவர் கவலையிலும் நியாயம் இருந்தது. ஜாதகக் கணக்கில் லக்கினம் என்பது சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். தை மாதம் சூரியன் உதிக்கும் வேளையில் மகர லக்கினம். அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போனால் தனுசு லக்கினம். ஆஸ்பத்திரிச் சீட்டுப்படி குழந்தை மகர லக்கினம். போட்டோவை நம்பினால் குழந்தை 5 மணிக்கு முன்பே பிறந்திருக்க வேண்டும். அப்படியானால் தனுசு! நாளைக்குக் கல்யாணப் பொருத்தம் பார்க்கும்போது, எந்தக் கட்டத்தை வைத்துப் பார்ப்பது?

ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை உண்டா, இல்லையா என்பது வேறு விஷயம். ஒரு பெண்ணின் பிறந்த நேரம் அவள் ஆயுள் முழுவதும் கூட வரும் சொத்து. அதில் சந்தேகம் இருக்கக்கூடாது.

துப்பு கிடைத்தது

பஜாரில் உள்ள போட்டோ ஸ்டூடியோவுக்குப் போய், படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்டது ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெளிச்சம். தை மாதத்தில் காலை 5 மணிக்கு வெளிச்சம் எங்கே இருந்து வரும்? அந்த நேரம் கும்மிருட்டு அல்லவா? தையில் நம் பக்கத்தில் சூரியன் உதிப்பது 6-30 மணி தாண்டி.

அடுத்தது, நர்சின் தலைக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம். படத்தை இன்னும் பெரிதாக்கினோம். முள் காட்டிய நேரம் 6-36!

படத்தின் மூலையில் 5-06. படத்துக்குள் இருந்த கடிகாரத்தில் 6-36. வித்தியாசம் சரியாக ஒன்றரை மணி.

குட்டு உடைந்தது. துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே 5 மணி என்றால் இங்கே 6-30. மாமா காமிராவில் மணியை மாற்றவில்லை. கைக்கடிகாரத்தை விமானத்திலேயே மாற்றிக்கொண்டார். காமிராவின் ஞாபகம் வரவில்லை. திருவள்ளூரில் பிறந்த குழந்தையை, அந்தக் காமிரா துபாய் மணியில் படம் பிடித்துவிட்டது!

மணி இருக்கிறது, ஊர் இல்லை

டிஜிட்டல் காமிராவிலோ செல்போனிலோ நீங்கள் ஒரு படம் எடுக்கும்போது, படம் மட்டும் பதிவாவது இல்லை. படத்தோடு கூடவே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு குறிப்பும் பதிவாகிறது. எந்த காமிரா, எத்தனை வெளிச்சம், என்ன தேதி, என்ன மணி என்று எல்லாம் அதில் இருக்கும். இந்தக் குறிப்பை எழுதும் முறைக்கு 'எக்சிப்' என்று பெயர். ஜப்பானில் 1995-ம் ஆண்டு வகுத்த முறை இது. உலகம் முழுவதும் காமிராக்காரர்கள் இதையே பின்பற்றினார்கள்.

அதில் ஒரு ஓட்டை இருந்தது. வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி என்று எல்லாவற்றுக்கும் இடம் வைத்தார்கள். அது எந்த ஊர் மணி என்று எழுத இடம் வைக்கவில்லை!

ஒரு கடிதத்தில் தபால் முத்திரையைப் பார்க்கிறீர்கள். தேதி தெளிவாக இருக்கிறது. ஊர்ப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மை விழவில்லை. எந்த ஊரில் போட்ட கடிதம் என்று எப்படிச் சொல்வீர்கள்? அதே கதைதான்.

2016-ம் ஆண்டில்தான் இந்த ஓட்டையை அடைத்தார்கள். உலகப் பொது நேரத்தில் இருந்து எத்தனை மணி முன்னே அல்லது பின்னே என்று எழுதத் தனி இடம் கொடுத்தார்கள். நமக்கு அது 5-30. துபாய்க்கு 4. சிங்கப்பூருக்கு 8. புதிய செல்போன்கள் பல, இதைத் தாமாகவே எழுதிவிடுகின்றன. ஆனால் அதற்கு முந்திய இருபது வருடப் படங்கள்? நம் வீடுகளில் கல்யாணம், காதுகுத்து, பொங்கல், பள்ளிக்கூட விழா என்று எடுத்துக் குவித்த படங்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தவை. அவற்றில் மணி இருக்கிறது. ஊர் இல்லை.

செவ்வாப்பேட்டை வழியாக வந்த 'மெட்ராஸ் டைம்'

ஊருக்கு ஊர் மணி மாறுகிற தலைவலி புதிது அல்ல. செவ்வாப்பேட்டைக்காரர்களுக்கு அது தாத்தா காலத்துச் சங்கதி.

தென் இந்தியாவில் முதன்முதலாகப் பயணிகள் ரெயில் ஓடிய பாதை எது தெரியுமா? ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை போட்ட பாதை. 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அதில் ரெயில் ஓடியது. திருவள்ளூர், அரக்கோணம் வழியாகப் போகும் அந்தப் பாதை, நம் செவ்வாப்பேட்டையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மணி. சூரியன் உச்சிக்கு வந்தால் அந்த ஊருக்குப் பகல் 12. சூரியன் கிழக்கே இருந்து வருவதால், கிழக்கே உள்ள ஊருக்கு முதலில் 12 அடிக்கும். செவ்வாப்பேட்டையில் சென்னையைவிட ஏறத்தாழ ஒரு நிமிடம் தாமதமாக உச்சி வேளை வரும். இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம்! கல்கத்தா, சென்னைக்குச் சுமார் 33 நிமிடம் முன்னே. பம்பாய், சென்னைக்கு அரை மணி பின்னே. மாட்டு வண்டியில் போகிறவனுக்கு இதனால் கஷ்டம் இல்லை. ரெயிலில் போகிறவன் என்ன செய்வான்?

நடுவில் இருந்த சென்னை கை கொடுத்தது. நுங்கம்பாக்கத்தில் 1792-ம் ஆண்டு அமைந்த வானிலைக் கூடம் இருந்தது. நட்சத்திரங்களைப் பார்த்துத் துல்லியமாக மணி கணித்தார்கள். அந்த மணியைத் தந்தி மூலம் ரெயில்வேக்கு அனுப்பினார்கள். 1870-க்குப் பிறகு, இந்தியாவின் ரெயில்களில் பெரும்பாலானவை 'மெட்ராஸ் டைம்'படி ஓடின. லாகூர் ஸ்டேஷனில் வண்டி ஏறுகிறவனும் சென்னை மணியைத்தான் பார்க்க வேண்டும்! அந்தக் கூடத்தின் பழைய கருங்கல் தூண், இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. சென்னைக்கு வருகிறவர்கள் கடற்கரையைப் பார்க்கிறார்கள், மிருகக்காட்சிசாலையைப் பார்க்கிறார்கள். இந்தத் தூணை யார் பார்க்கிறார்கள்?

1906-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, நாடு முழுவதற்கும் ஒரே மணி வந்தது. அதுதான் இன்றைய இந்திய நேரம். சென்னைக்காரர்கள் தங்கள் கடிகாரத்தைச் சுமார் 9 நிமிடம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டார்கள். பம்பாய் நகரில் பழைய மணி 1955 வரை புழக்கத்தில் இருந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இரண்டாவது உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டது. உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி இருக்கிறாரா? அந்த மூன்று வருடத்துக்குள் அவர் பிறந்திருந்தால், அவருடைய ஜாதகத்தை எடுத்துப் பாருங்கள். விஷயம் தெரிந்த ஜோசியர், ஒரு மணியைக் கழித்துத்தான் கணக்குப் போட்டிருப்பார்.

அன்றைய ஜோசியர் "இது எந்த மணி?" என்று கேட்டார். இன்று போட்டோவைப் பார்க்கிறவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பது இல்லை.

நடு ராத்திரியில் தாலி!

மாமாவைப்போல வெளிநாட்டில் இருந்து வந்தவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை என்று நினைக்காதீர்கள். உள்ளூரை விட்டு நகராதவர்களுக்கும் உண்டு.

ஒரு கல்யாணம் நடக்கிறது. காலை 7 மணி முகூர்த்தம். ஒருவர் போட்டோ எடுக்கிறார். இன்னொருவர் செல்போனில் வீடியோ பிடிக்கிறார். பிறகு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டு, மணி வாரியாக அடுக்குகிறார்கள். போட்டோவில் தாலி கட்டுவது காலை 7 மணிக்கு. வீடியோவிலோ ராத்திரி 1-30 மணிக்கு! மாப்பிள்ளை அழைப்புக்கும் காலைப் பலகாரத்துக்கும் நடுவில், நடு ராத்திரியில் யார் தாலி கட்டினார்கள்?

யாரும் கட்டவில்லை. பல செல்போன்கள் வீடியோவின் மணியை உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. அது நம் மணிக்கு ஐந்தரை மணி பின்னால். போட்டோவுக்கு உள்ளூர் மணி. அடுக்கும்போது இதைக் கவனிக்காத கம்ப்யூட்டர், இரண்டையும் ஒரே மணியாக எடுத்துக்கொண்டுவிடும்.

வாட்ஸ்அப்பில் வந்த படமா? அதை நம்பியே கணக்குப் போடாதீர்கள். சாதாரணமாக அனுப்பும்போது அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும். படத்தின் பெயரில் ஒரு தேதி இருக்கும். அது படம் எடுத்த தேதி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. உங்கள் போனுக்கு வந்து சேர்ந்த தேதி! பத்து வருடத்துக்கு முந்திய படத்தை இன்று அனுப்பினாலும், இன்றைய தேதிதான் இருக்கும்.

காமிராவில் ஊரைத் தேர்ந்தெடுப்பதிலும் தடுமாற்றம் உண்டு. பல காமிராக்களின் பட்டியலில் சென்னை கிடையாது. டெல்லி இருக்கும். பக்கத்திலேயே கராச்சியும் டாக்காவும் இருக்கும். கை தவறிக் கராச்சியைத் தொட்டால் அரை மணி குறையும். டாக்காவைத் தொட்டால் அரை மணி கூடும். கம்ப்யூட்டர் விண்டோசில் நமக்கு ஒரு பெருமை உண்டு. அங்கே இந்திய நேரத்துக்கு நேரே நான்கு ஊர்ப் பெயர்கள் இருக்கும். முதல் பெயர் சென்னை! ஆங்கில அகர வரிசையில் கிடைத்த பெருமைதான். இருக்கட்டுமே.

அலை வந்தது எத்தனை மணிக்கு?

அரை மணி நேரம் அற்ப விஷயம் என்கிறீர்களா? 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதியை நினைத்துப் பாருங்கள்.

அன்று சுமத்ரா தீவு அருகே கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்தது. அந்தக் கணம், நாகப்பட்டினத்தில் கடிகாரம் காலை 6-29 காட்டியது. அதே கணம், கொழும்பில் கடிகாரம் 6-59 காட்டியது. கடிகாரங்கள் கெட்டுப்போகவில்லை. அன்றைக்கு இரண்டு நாடுகளின் மணியே வேறு!

இன்று இலங்கைக்கும் நமக்கும் ஒரே மணி. ஆனால் பத்து வருடம் அப்படி இல்லை. 1996 மே மாதம், இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்தது. பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்தி மின்சாரத்தை மிச்சப்படுத்துவது நோக்கம். அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில், தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி, மீண்டும் நம் மணிக்கே வந்தது. ஆகவே சுனாமி வந்த நாளில், இலங்கை மணி நம் மணிக்கு அரை மணி முன்னே.

இப்போது ஒருவர், நாகப்பட்டினத்தில் எடுத்த படத்தையும் இலங்கையின் கிழக்குக் கரையில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். இரண்டிலும் மணி இருக்கிறது. எந்தக் கரையை அலை முதலில் தொட்டது, இடையில் எத்தனை நிமிடம் என்று கணக்கிட வேண்டும். அந்த நிமிடக் கணக்கை வைத்துத்தான், அடுத்த முறை மக்களை எச்சரிக்க எத்தனை அவகாசம் இருக்கும் என்று சொல்ல முடியும். அரை மணியைக் கவனிக்காமல் விட்டால் கணக்கு தலைகீழ்! இன்றைய அட்டவணையைப் பார்த்து "இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே மணிதானே" என்று நினைத்தாலும் அதே தவறுதான். ஊரை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. அந்த ஊரில், அந்த நாளில், என்ன மணி வழங்கியது என்றும் தெரிய வேண்டும்.

லண்டனில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கு இது நன்றாகவே தெரியும். குளிர் காலத்தில் வித்தியாசம் ஐந்தரை மணி. கோடையில் நாலரை மணி. ஒரே பேரப்பிள்ளை, ஒரே காமிரா. ஆனால் கணக்கு இரண்டு.

வேலைக்கும் வழக்குக்கும்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் தொழிற்சாலைகள் நிறைய. வாசலில் காவலாளி இருக்கிறார். அவர் தலைக்கு மேலே காமிராவும் இருக்கிறது. வெளிநாட்டில் செய்த சில பதிவுக் கருவிகள், சீனத்து மணியோடு வருவது உண்டு. அது நம் மணிக்கு இரண்டரை மணி முன்னே. பொருத்துகிறவர் அதை மாற்றாமல் விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு ஷிப்ட் முடிந்து போன தொழிலாளி, 12-30 மணிக்கு வெளியேறியதாகப் பதிவாகும். அன்று இரவு 12 மணிக்கு உள்ளே ஏதாவது திருட்டுப் போனால், அவர் கதி என்ன?

நிமிடங்கள் நீதிமன்றத்தில் என்ன மதிப்புப் பெறும் என்பதற்கு, மராட்டியத்தில் ஜால்னா சட்டசபைத் தொகுதி வழக்கே சாட்சி. 2014 தேர்தலில் அங்கே வென்றவர் அர்ஜுன் கோட்கர். ஓட்டு வித்தியாசம் 296. வேட்பு மனுவைப் பிற்பகல் 3 மணிக்குள் கொடுத்திருக்க வேண்டும், அவர் அதற்குப் பிறகுதான் கொடுத்தார் என்று, தோற்றவரான கைலாஷ் கோரன்டியால் வழக்குப் போட்டார். தேர்தல் அதிகாரி அலுவலகத்தில் எடுத்த வீடியோதான் முக்கிய ஆதாரம். 2017-ல் ஐகோர்ட்டு அந்தத் தேர்தல் செல்லாது என்றது. மேல் முறையீட்டைச் சுப்ரீம் கோர்ட்டு 2020 ஜூலையில் தள்ளுபடி செய்தது. மின்னணுப் பதிவை ஆதாரமாகக் காட்டுகிறவர், உரிய சான்றிதழும் கொடுக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும், 63-வது பிரிவில் இந்தச் சான்றிதழ் இருக்கிறது.

ஆகவே, வழக்குக்குப் போகக்கூடிய படம் என்றால், மணி தவறாக இருந்தாலும் நீங்களாகத் திருத்தாதீர்கள். அப்படியே வைத்துக்கொண்டு, எத்தனை மணி தவறு என்பதைத் தனியாக எழுதி வையுங்கள்.

வீட்டுப் படங்களுக்கு அந்தப் பயம் இல்லை. திருத்தலாம். முதலில் எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். படத்தில் சுவர்க் கடிகாரம் தெரிகிறதா? ஜன்னலில் வெளிச்சம் இருக்கிறதா? நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? வித்தியாசம் தெரிந்தால் வேலை சுலபம். கனடா நாட்டின் பில் ஹார்வி என்பவர் எழுதிய 'எக்சிப்டூல்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இருநூறு படங்களானாலும், ஒரே கட்டளையில் எல்லாவற்றுக்கும் ஒன்றரை மணியைக் கூட்டிவிடும். ஸ்டூடியோக்காரரிடம் சொன்னால் செய்து கொடுப்பார்.

இனி எடுக்கப்போகும் படங்களுக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. காமிராவை எடுத்ததும், முதல் படமாக உங்கள் செல்போனில் மணி காட்டும் முகப்பை எடுத்துவிடுங்கள். காமிராவின் மணி தவறாகவே இருக்கட்டும். அந்த ஒரு படம் கையில் இருந்தால், மற்றப் படங்கள் அத்தனைக்கும் சரியான மணி கிடைத்துவிடும்.

அத்தை எழுதிய வரி

செவ்வாப்பேட்டைக் கதை என்ன ஆயிற்று?

கம்ப்யூட்டரில் பார்த்ததை அத்தையிடம் சொன்னேன். அவர் உடனே நம்பவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் தெரியும்படி பெரிதாக்கி ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

"அப்போ ஆஸ்பத்திரியிலே எழுதினதுதான் சரி. ஏண்டா, துபாயிலே இருந்து இவ்வளவு சாமான் கொண்டு வந்தியே, அந்த ஊர் மணியையும் சேர்த்தாடா கொண்டு வரணும்?" என்று மாமாவைப் பார்த்துக் கேட்டார். மாமா பதில் பேசாமல் காமிராவை எடுத்து, மணியை மாற்றினார்.

ஜாதகம் மகர லக்கினத்துக்கே எழுதினார்கள். அந்தப் போட்டோ இன்னும் ஆல்பத்தில் இருக்கிறது. திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில் நீல மையில் அத்தையின் குண்டு எழுத்து:

"துபாய் மணி 5-06. நம்ம மணி 6-36."